மலைக்காடும் முகத்துவாரமும்: சுந்தர்லால் பகுகுணாவின் வாழ்வு

(மீஞ்சூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து மாலை நேரத்து வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நண்பர்களே,

இமயமலையில் மரங்களுக்காக வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் தெரிவித்தபோது, அமைப்பாளர்களுள் ஒருவர், "மலைக்கும் எங்கள் ஊருக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று வினவினார். நியாயமான வினாதான். வடகாஞ்சி என்று பெரியோர் வழங்கிவரும் இந்த மீஞ்சூரில் நின்றுகொண்டு எத்திசையை நோக்கினாலும் சமவெளியும், உப்பங்கழியும், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளும் தென்படுமேயன்றி ஒரு குன்றும் கண்ணில் படுவதில்லை. ஆயினும், பழவேற்காடு ஏரியின் தென்பகுதிக்கு நன்னீர் கொண்டுவரும் ஆரணியாறு ஆந்திரத்து மலைப்பிரதேசத்தில் பிறந்து, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தையும் ஊத்துக்கோட்டையையும் கடந்துதான் இங்கு வந்து சேருகிறது. வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி எண்ணூர்க் கழிமுகத்தில் கலக்கும் கொசஸ்தலையாறும் நகரி மலைப்பக்கத்து நீரைச் சுமந்து வருவதே.

மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் ஏரியை நிரப்பிக் கடலை நோக்கித் தள்ளும்போது முகத்துவாரத்து மணல் விலகி வழிவிடுவதும், கோடையில் ஆற்றுவரத்து நின்றுபோனபின் கரையோர நீரோட்டம் வாரிக் கொண்டுவரும் மணல் அவ்வாயை மீண்டும் அடைத்துவிடுவதும், அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வரவும் படகு வெளியே போகவும் வகையின்றி ஏரியில் உப்பு ஏறிவிடுவதும் உங்களுக்குப் பாடம் சொல்லித் தெரியவேண்டிய விஷயங்கள் அல்ல. நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். மழையைத் தடுத்து வாங்கி, மண்ணுக்குள் இறக்கி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடும் காடு மலைத்தலையில் இருக்குமாயின் மழை ஓய்ந்த பின்னும் ஆற்றில் நீர் நடக்கும். அக்காடு போய்விட்டால் ஒரே நாளில் மண்ணோடு புரண்டு வந்து கழிமுகத்தைத் தூர்த்துவிட்டு மறுவாரமே ஆறு வறண்டு கிடக்கும். பிச்சாட்டூர் அணையும் பூண்டி அணையும் குறுக்கே நிற்கும் இக்காலத்தில் கணக்கு அவ்வளவு எளியதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீரின் சுபாவம் அணைகளால் மாறிவிடுவதில்லை. இதே மீஞ்சூரின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து பட்டணத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல ஆண்டுகள் நீர் இறைத்ததன் பயனாகக் கடல்நீர் நிலத்தடியில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உட்புகுந்துவிட்ட சரித்திரத்தை இங்குள்ள உழவர்கள் தம் கிணற்று நீரை நாவில் வைத்தே அறிந்திருக்கிறார்கள்.

இனி மனிதருக்கு வருவோம். சுந்தர்லால் பகுகுணா 1927-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், கார்வால் மலைநாட்டில் தெஹ்ரி நகருக்கு அருகேயுள்ள மரோடா என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் தெஹ்ரி பிரிட்டிஷ் இந்தியாவைச் சேராத சமஸ்தானம். மகாராஜாவின் வருமானத்தில் பெரும்பகுதி காட்டிலிருந்தே வந்தது. காட்டை எல்லை கட்டி மக்களின் மேய்ச்சலையும் விறகையும் சமஸ்தானம் தடுத்ததை எதிர்த்து, 1930 மே 30 அன்று யமுனைக் கரையில் திலாடி மைதானத்தில் கூடிய கிராமத்தாரைச் சமஸ்தானப் படை சுட்டு வீழ்த்தியது. பகுகுணாவுக்கு அப்போது மூன்று வயது. சுமார் நாற்பதாண்டு கழித்து அந்த மைதானத்தை நினைவுகூர்ந்து காட்டுரிமை பேசிய தலைமுறைக்கு அவரே முன்னின்றார் என்பதால் அதனை இங்கே குறிப்பிட்டேன்.

இளமையில் அவரை ஆட்கொண்டவர் ஸ்ரீதேவ் சுமன் என்னும் காந்தியவாதி. சமஸ்தானத்தில் பிரஜைகளுக்கு உரிமை வேண்டும் என்று கேட்டமைக்காகச் சிறைப்பட்ட சுமன், 84 நாள் உண்ணாநோன்பிருந்து 1944 ஜூலை 25 அன்று தெஹ்ரிச் சிறையிலேயே உயிர்துறந்தார். சுமனைப் பற்றிய செய்தியை வெளியுலகுக்குக் கொண்டுபோன மாணவர் சுந்தர்லாலும் சிறை புகுந்தார். பின்னர் லாகூருக்குச் சென்று அங்கே கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு, ஊர் திரும்பிக் காங்கிரஸ் கட்சியில் சேர்ந்தார். தெஹ்ரியில் தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளும் பிறரும் சேர்ந்து தங்கிப் படிக்க, தக்கர் பாபாவின் பெயரால் ஒரு விடுதியை நடத்தினார். ஆலயப் பிரவேசத்துக்காக மேல்சாதியாரின் அடியையும் வாங்கிக்கொண்டார். சாமர்த்தியமும் வாக்குவன்மையும் நிரம்பிய அந்த இளைஞர் அதே பாதையில் போயிருந்தால் மந்திரியாகி, மாலை மரியாதை பெற்று, மறக்கப்பட்டுமிருப்பார்.

போகவிடாமல் தடுத்தவர் ஒரு பெண்மணி. விமலா நௌட்டியால், கௌசானியில் சரளா பென் நடத்திய ஆசிரமத்தில் வளர்ந்த தொண்டர். சரளா பென் லண்டன் மாநகரில் பிறந்த காதரின் ஹைல்மன். காந்தியடிகளை நாடி இந்தியா வந்து, குமாவுன் மலையிலேயே தங்கி, மலைப்பெண்களுக்குக் கல்வியும் துணிவும் ஊட்டியவர். விமலாவை மணக்க விரும்பிய சுந்தர்லாலுக்கு அப்பெண் விதித்த நிபந்தனை யாதெனில், கட்சி அரசியலை முற்றாகத் துறந்து, யாதொரு வசதியுமற்ற மலைக்கிராமம் ஒன்றில் குடிசை போட்டுத் தொண்டு செய்வதாயின் திருமணம், இன்றேல் இல்லை என்பதாகும். 1956-இல் மணம் நடந்தது. பாலகங்கா நதிக்கரையில் சில்யாரா என்னும் ஊரில் ஆசிரமம் எழுந்தது. நம் சரித்திராசிரியர்கள் இத்தகைய நிபந்தனைகளை மாப்பிள்ளையின் தியாகமாகவே எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தியாகத்தைத் தீர்மானித்தவர் விமலா, நிறைவேற்றியவர் சுந்தர்லால்.

அறுபதுகளின் பிற்பகுதியில் அத்தம்பதியர் ஈடுபட்டது மதுவிலக்குப் போராட்டத்தில். மலைப்பெண்கள் கூட்டங்கூட்டமாக வீட்டைவிட்டு வெளியே வந்து சாராயக் கடைகளுக்கு முன்னால் அமர்ந்தது அப்போதுதான் முதன்முறை. பின்னால் மரத்தைக் காக்க எழுந்த பெண்கள் திடீரென்று வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. 1970 ஜூலையில் அலக்நந்தா நதி பெருக்கெடுத்து, பேலாகூச்சி என்ற ஊரையும் வழியில் நின்ற பேருந்துகளையும் அடித்துக்கொண்டு போய், மலைமண்ணை ஹரித்துவாரத்துக் கால்வாய் வரை கொண்டுவந்து கொட்டியபோது, மேலே காடு வெட்டுவதற்கும் கீழே ஊர் அழிவதற்கும் உள்ள சம்பந்தத்தைக் கிராமத்தார் தாமாகவே ஊகித்துக்கொண்டார்கள். காந்தியடிகளின் மற்றொரு சிஷ்யை மீரா பென், ஓக் மரக்காடுகள் அழிந்து அவ்விடத்தைப் பைன் மரம் பிடித்துவருவதே வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று இருபதாண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார். ராஜதானியில் அதைக் கேட்பார் இல்லை.

1973-இல் கோபேஷ்வருக்கு அருகே மண்டல் கிராமத்தில் சிப்கோ இயக்கம் பிறந்தது. உழவுக் கருவி செய்யச் சில மரங்களைக் கேட்ட உள்ளூர்ச் சங்கத்துக்கு மறுத்துவிட்ட வனத்துறை, அதே ஜாதி மரங்களை அலகாபாத்தின் விளையாட்டுச் சாமான் கம்பெனி ஒன்றுக்கு ஒதுக்கியது; வெட்ட வந்தால் மரத்தைக் கட்டியணைத்துக்கொள்வோம் என்று சண்டி பிரசாத் பட் தலைமையில் மக்கள் தீர்மானித்தார்கள். மறுவருஷம் மார்ச் 26 அன்று ரேணி கிராமத்தில், போர்க்காலத்தில் எடுத்துக்கொண்ட நிலத்துக்கு நஷ்டஈடு தருவதாக ஆண்களையெல்லாம் சமோலிக்கு வரவழைத்துவிட்டுக் காண்டிராக்டரின் ஆட்கள் காட்டுக்குள் நுழைந்தபோது, கௌரா தேவி என்னும் விதவைத் தாய் இருபத்தேழு பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் அவர்களை மறித்து, இரவெல்லாம் காவலிருந்து, வெறுங்கையோடு திருப்பியனுப்பினார். பகுகுணா அன்று அங்கே இல்லை. சிப்கோ என்றதும் அவர் பெயர் ஒன்றே நினைவுக்கு வருவது பத்திரிகைகள் செய்துவைத்த வேலை. அவரோ தம்மை அவ்வியக்கத்தின் தூதர் என்றே சொல்லிக்கொண்டார்.

தூதரின் தொழில் நடப்பது. ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து, ஒரு பள்ளத்தாக்கில் நிகழ்ந்ததை அடுத்த பள்ளத்தாக்குக்குச் சொல்லி, அங்கே கேட்டதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் பத்திரிகைகளுக்கு எழுதியவர் அவர். 1977-இன் இறுதியில் ஹேன்வல் பள்ளத்தாக்கைச் சேர்ந்த அத்வானிக் காட்டில் நடந்தது இந்தத் தொழிலின் பெருமையை விளக்கும். ஏலம் போன மரங்களுக்குப் பெண்கள் ரட்சைக் கயிறு கட்டினார்கள். அவர்களில் ஒருவரான பச்னி தேவி, தம் குடும்பத்தார் மறுபக்கத்தில் இருந்தும் அஞ்சாது முன்வந்தார். அறிவுரை சொல்ல வந்த வன அதிகாரியின் முன் பெண்கள் பட்டப்பகலில் ஏற்றிய லாந்தர் விளக்குகளோடு போய் நின்றார்களாம். விளக்கு எதற்கு என்று அவர் கேட்க, உமக்குக் காட்டைப் பற்றி வெளிச்சம் காட்ட வந்தோம் என்ற பொருளில் விடை வந்தது. காடு தருவது மரப்பிசினும், மரமும், அந்நியச் செலாவணியும் என்று அதிகாரி கருத, மண்ணும் நீரும் தூய காற்றுமே காட்டின் விளைச்சல் என்று பெண்கள் விடையிறுத்தார்கள். வனவியல் கல்லூரிகள் ஒரு நூற்றாண்டாகக் கற்பித்ததைத் தலைகீழாக்கிய அந்த விடையைப் பகுகுணா உலகெங்கும் கொண்டுபோனார். கொண்டுபோன ஒவ்வோரிடத்திலும் அது தம் வாக்கன்று, மலைப்பெண்களின் வாக்கு என்று சொல்ல அவர் தவறியதில்லை என்பதே அவரிடம் நான் காணும் முதற்பெரும் குணம்.

1979 ஜனவரியில் படியார்கட் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்து உண்ணாநோன்பு தொடங்கிய அவரைப் போலீசார் கைதுசெய்து கொண்டுபோனார்கள். சிறையிலும் நோன்பு தொடர்ந்தது, காட்டிலோ மக்கள் இன்னும் அதிகமாகக் கூடினார்கள். மறுவருஷம், இந்திரா காந்தி அம்மையார் பிரதமராயிருந்தபோது, உத்தரப்பிரதேசத்து இமயப் பகுதியில் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் வியாபாரத்துக்காகப் பச்சைமரம் வெட்டுவதற்குப் பதினைந்தாண்டுத் தடை பிறந்தது. 1981-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. மரம் வெட்டுவது முற்றிலும் நிற்காதவரையில் அதனை ஏற்பதற்கில்லை என்று மறுத்துவிட்டார். அவ்வாண்டிலேயே காஷ்மீரிலிருந்து கோஹிமா வரை, இமயத்தைப் பகுதி பகுதியாகக் கால்நடையாகவே கடக்கும், ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீள யாத்திரையைத் தொடங்கி 1983-இல் முடித்தார். அவர் தெற்கே வந்து பேசிய பேச்சு கர்நாடகத்தில் சிர்சி வட்டாரத்து இளைஞர்களின் நெஞ்சில் பதிய, 1983 செப்டம்பரில் அங்கே சிப்கோவின் வழியில் அப்பிகோ இயக்கம் எழுந்தது. 1987-88-இல் கன்னியாகுமரியிலிருந்து ஒரு கூட்டமும், வடக்கே நவாபூரிலிருந்து மற்றொரு கூட்டமும் மேற்குத்தொடர்ச்சி மலை நெடுக நடந்து கோவாவில் சந்தித்த நெடும்பயணமும் அவ்வழி வந்ததே.

இவ்வளவு சொன்ன நான், அவருடைய வழியில் எனக்கு உறுத்துகின்ற இடத்தையும் மறைக்கலாகாது. சண்டி பிரசாத் பட்டும் பகுகுணாவும் ஒரே மரத்தைக் காத்தவர்களாயினும் இரு வேறு நோக்கினர். காட்டை உள்ளூர் மக்கள் அளவறிந்து பயன்படுத்த வேண்டும், வெட்டியதற்கு மேல் நடவேண்டும், சிறுதொழிலும் வேண்டும் என்பது பட்டின் அபிப்பிராயம். வெட்டுவதையே அடியோடு நிறுத்துக என்பது பகுகுணாவின் பிடிவாதம். அரசாங்கத்துக்கு எளிதில் விளங்கியது இரண்டாவதுதான், ஏனெனில் தடை விதிப்பது அரசாங்கத்துக்குப் பழகிய வேலை. சட்டம் வந்தது, ஆனால் சட்டத்தின் சாவி கிராமத்தாரிடம் வராமல் வனத்துறையிடமே தங்கிவிட்டது. பத்தாண்டு செல்வதற்குள், சாலைக்கும் பள்ளிக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அனுமதி கிடைக்காத ஆத்திரத்தில் அதே மலையில் ஜனங்கள் காட்டுக்குள் புகுந்து மரத்தை வெட்டியே கிளர்ச்சி செய்யும் விபரீதமும் நேர்ந்தது. காத்தவர்களைக் கழித்துவிட்டுக் காப்பை மட்டும் எடுத்துக்கொண்டதன் பலன் அது. பகுகுணா இதை முன்கூட்டியே கண்டிருக்கலாம். தடையின் வெற்றி அவருடைய கண்ணைச் சற்றே கூசச் செய்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதைக் கண்டு மனம் பொறாத நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12-இல் பிறந்த அவ்வழக்கின் ஆணை, காடு என்று அகராதியில் பொருள்படும் எவ்விடத்துக்கும் வனப் பாதுகாப்புச் சட்டம் செல்லும் என்று நாடு முழுவதுக்கும் விரித்துரைத்தது. ஒரு முதியவரின் மனு இமயம் முதல் குமரி வரை மரத்தை நிறுத்திவைத்தது மகத்தான காரியமே. ஆனால் அங்கும் தலைமுறை தலைமுறையாகக் காட்டிலே வாழ்ந்த பழங்குடியினரின் உரிமை என்னும் விஷயம் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரையில் வாசற்படியிலேயே நிற்க நேர்ந்தது.

அரசு விதிக்கும் தடைக்கும் ஊரார் வகுக்கும் முறைக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவர் இருக்க முடியும்? பழவேற்காட்டில் பாடு என்னும் முறை உண்டு. இன்ன நாளில் இன்ன குப்பத்தார் இன்ன இடத்தில் இறாலுக்கு வலை போடலாம் என்று, வலியவன் எளியவன் பாராமல் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. எந்தத் துறையும் கையொப்பமிட்டு வழங்கியதன்று, ஊர்ப் பஞ்சாயத்து தானே வகுத்துத் தானே காத்துவருவது. அப்பாட்டுக்குள் இடமில்லாமல், நீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடித்து ஜீவிக்கும் இருளர் குடும்பங்களும் இவ்வேரியில் உண்டு என்பதையும், எந்த மரபையும் புகழும்போது அதற்கு வெளியே நிற்பவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பறவைகளுக்காக 1980-இல் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பறவைகள் வாழ வேண்டும் என்பதில் வலைஞருக்கு எக்காலத்திலும் விரோதம் இருந்ததில்லை. வலைஞரின் உரிமையைத் தீர்மானிக்காமலே கோடு கிழிப்பதுதான் விரோதத்தை உண்டாக்குகிறது. கார்வாலில் நடந்ததும் இதுவே.

பகுகுணாவின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் தெஹ்ரி அணை விழுங்கிவிட்டது. பாகீரதியும் பிலங்கனாவும் கூடுமிடத்தில் 260 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அணை கட்டும் திட்டத்தை வீரேந்திர தத் சக்லானி என்னும் வழக்கறிஞர் முதலிலிருந்தே எதிர்த்துவந்தார். அவருக்குப்பின் அப்பாரத்தைப் பகுகுணா ஏற்றார். பூகம்பத்துக்கு ஆளாகும் மலையில் இப்படியொரு நீர்ச்சுவர் தகுமா என்பது அவருடைய வினா. 1991 அக்டோபரில் உத்தரகாசியை உலுக்கிய நிலநடுக்கம் அந்த வினாவைக் கூர்மையாக்கியது. அணைக்கருகே பாகீரதிக் கரையில் தகரக் கொட்டகை ஒன்றில் விமலாவுடன் ஆண்டுக்கணக்காக வசித்தார். 1995-இல் 45 நாள், மறுவருஷம் 74 நாள் என்று உண்ணாநோன்பிருந்தார். முன்னதை நரசிம்ம ராவும் பின்னதைத் தேவ கௌடாவும் மறுபரிசீலனை செய்வதாக வாக்களித்து முடித்துவைத்தார்கள். குழுக்கள் அமைந்தன, அறிக்கைகள் வந்தன, அணை உயர்ந்துகொண்டே போனது. 2004-இல் நீர்மட்டம் கொட்டகையைத் தொட்டதும் அவரும் வெளியேற வேண்டியதாயிற்று. சுமன் உயிர்நீத்த சிறையும், பகுகுணா பயின்ற பள்ளியும், பழைய தெஹ்ரி நகரமும் நீருக்கடியில் போயின.

தோற்றுவிட்டார் என்று சொல்லலாம். அணை நிற்கிறது, ஆயிரம் மெகாவாட் மின்சாரமும் வருகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதே ஏரியின் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் ராக்கெட் தளத்துக்காக எழுந்துபோன மீனவக் குடும்பங்களும், துறைமுகத்துக்காகப் பெயர்த்து வைக்கப்பட்ட காட்டுப்பள்ளிக் குப்பத்தாரும் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று தேசம் கேட்டதுண்டா? தெஹ்ரியில் பெயர்க்கப்பட்டோரைப் பற்றி மட்டும் பாராளுமன்றம் பேச நேர்ந்ததற்கு, எழுபது வயதை எட்டிய ஒருவர் எலுமிச்சைச் சாறும் நீரும் அருந்திப் படுத்துக்கிடந்தது காரணம். பிரதமரின் வாக்குறுதி பொய்த்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் நாட்டுக்கு அன்றுமுதல் வந்தது.

2009-இல் பத்மவிபூஷண் விருதை ஏற்றுக்கொண்டார். 2021 பிப்ரவரி 7-ஆம் நாள் ரேணி கிராமத்துக்கு மேலே மலைமுகட்டிலிருந்து பாறையும் பனியும் சரிந்து, ரிஷிகங்கையில் பெருவெள்ளம் பாய்ந்து, மின்திட்டங்களைச் சிதைத்து இருநூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். கௌரா தேவியின் ஊரே குடியிருக்கத் தகுதியற்றதாகிவிடுமோ என்று அஞ்சும் நிலை வந்தது. அச்செய்தி அடங்குமுன், அவ்வாண்டு மே 21 அன்று, கொரோனாத் தொற்றுக்கு ஆளாகி ரிஷிகேசத்து மருத்துவமனையில் தமது 94-ஆம் வயதில் பகுகுணா காலமானார். விமலா அம்மையார் 2025 பிப்ரவரி வரை வாழ்ந்தார். அவர் பெயரில் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு எங்கேனும் நடைபெறுகிறதா என்று நான் விசாரித்ததில் இதுவரை நற்செய்தி கிடைக்கவில்லை.

ஆகையால் இவ்வறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொண்டு அமர்கிறேன். அடுத்த ஆண்டு இம்மேடைக்குப் பட்டணத்திலிருந்து பிரசங்கி ஒருவரை வரவழைக்க வேண்டாம். முகத்துவாரம் அடைபட்ட கோடைகளிலும், எண்ணூர்ச் சாம்பல் கழியில் கலந்த ஆண்டுகளிலும் கூடையைச் சுமந்து மீன் விற்றுக் குடும்பத்தைக் கரையேற்றிய தாய்மார்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரைப் பேச அழையுங்கள். பேச்சு எழுத்தில் இருக்க வேண்டும் என்னும் விதியைத் தளர்த்தி, அவர் வாய்மொழியாகச் சொல்வதை எவரேனும் இருந்து எழுதிக்கொண்டு அச்சிட வேண்டும். அந்தக் குமாஸ்தா வேலைக்கு என் பெயரை இப்போதே பதிந்துகொள்ளலாம்.